படிவத்தில் ஒரு யா

தண்டர் பேயில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
அவசரப் பிரிவின் பதிவு மேசையில்
எனக்கு இரவு வேலை.

"அடுத்தது யார்?"
"யா" என்று எழும்பினார் பொகுமில்,
லொறி ஓட்டுகிறவர்; குளிரில் இரண்டு விரல் கறுத்திருந்தன.
போலிஷில் அது 'நான்'.
பெயரை எழுதிக்கொண்டேன்.

"வலிக்கிறதா?" என்றதற்கு
மூச்சை உள்ளே இழுத்தபடியே
"யா" என்றாள் சிக்னே.
ஸ்வீடிஷில் அது 'ஆம்'.
இழுத்த மூச்சு வலியா, அவர்கள் ஊர் வழக்கமா?
பத்துக்கு ஏழு என்று போட்டேன்.

பிறகு, தள்ளுகட்டிலில் மாரோய்.
காய்ச்சலில் ஆங்கிலம் கரைந்துபோய்
இங்க்ரியன் மட்டும் மிஞ்சியிருந்தது.
அந்த மொழி பேசுகிற எல்லோரையும் ஏற்ற
இரண்டு பஸ் போதுமாம்.
"வீட்டில் தனியாகவா இருக்கிறீர்கள்?"
"மியா... யா..."
அதற்குள் ஒக்சிஜன் முகமூடி வந்து
வாயை மூடிவிட்டது.

பதினாலாம் பெட்டி: தனியாக வசிப்பவர்.
சரி போட்டேன்.
நல்ல தடிப்பான சரி.

மூன்றாம் நாள், தரை துடைக்க வந்த ஆர்வோவிடம்
மூன்று பேர், ஒரே சொல் என்று
பகிடியாகத்தான் சொன்னேன்.
ஃபின்னிஷ்காரர். துடைப்பம் நின்றது.
"யா என்றால் எங்களுக்கு 'மற்றும்'.
அவளுக்கும் அதுதான்.
'நானும்' என்று தொடங்கியிருக்கிறாள்.
நானும், யாரும்?"

பொலிஸ் கதவை உடைத்தபோது
கழிப்பறைத் தண்ணீரைக் குடித்து
ஒரு சப்பாத்தில் முக்கால்வாசியைத் தின்று
உயிரோடிருந்தது கறுப்பு நாய்.

மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஆம் என்பதற்கு 'ஓம்'.
போனில் நான் ஓம், ஓம் என்பதைக் கேட்டு
தியானம் செய்கிறேன் என்று நினைத்தாள் ட்ரேசி.
'மற்றும்' எங்களிடம் தனியே நின்று பழகாது;
ஆளுக்கொரு 'உம்'மாக
இரண்டு பேர் முதுகிலும் தொற்றிக்கொள்ளும்.
ஓமுக்கும் உம்முக்கும் நடுவே
உதடு இன்னும் கொஞ்சம் குவிகிற தூரம்.
காய்ச்சலில் ஒருநாள் நானும்
அந்தத் தூரத்தில் நின்றுவிட்டால்
எந்தப் பெட்டியில் போடுவார்கள் சரி?

முகமூடி கழன்றதும் மாரோய் முதலில் சொன்னது
நாயின் பெயர்: மூஸ்தி.
என்னைத் திட்டவில்லை. திட்டினாளோ என்னவோ,
எனக்கு விளங்கவில்லை.

படிவத்தில் நாய்க்குப் பெட்டி கிடையாது.
ஓரத்தில், பென்சிலால், தமிழில் எழுதினேன்:
மாரோயும் மூஸ்தியும்.

ஸ்கேனில் அது விழவில்லை.