மூன்று வினாடி

பெயர் நெட்டா. ஆள் குட்டை.
பதினோரு வருடம் பர்பாங்கில்
ஒன்பதாம் எண் தளத்தின் மாடியறையில்
ஏழு ஆண்களின் சிகரெட் புகைக்குள் உட்கார்ந்து
கிளீவ்லாந்துப் பல் டாக்டர் ஒருவனுக்கு
வசனம் தைத்துக் கொடுத்தவள்.

வாரத்துக்கு இருபத்திரண்டு நிமிடம்.
நிமிடத்துக்கு மூன்று சிரிப்பு.
குறைந்தால், திங்கட்கிழமை யாரோ ஒருவன்
பென்சில் டப்பாவோடு படியிறங்குவான்.
அவள் இறங்கவில்லை.
அவள் முணுமுணுத்ததை மோரி லுஸ்டிக்
உரக்கத் திருப்பிச் சொல்வான்.
அறை அதிரும்.
கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள்.
சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

வெள்ளிக்கிழமை
முதியோர் இல்லத்துப் பேருந்தில் வந்திறங்கும் கூட்டம்
சிரிக்கத் தவறிய இடங்களில் சிரிக்க
ஆர்லன் ஃபென்ஸ்கே இருந்தான்.
தட்டச்சுப் பொறி மாதிரி ஒரு பெட்டி.
ஒரு விசைக்குக் கிளுகிளுப்பு,
ஒரு விசைக்கு வயிற்றைப் பிடித்த ஆண்,
காலால் மிதித்தால் மொத்தக் கொட்டகையும்.
இடது ஓர விசை அவன் மாமியார்.
நேரில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை,
ஒலிநாடாவில் மட்டும்தான்.

என் பிழைப்பு வெட்டுவது, ஒட்டுவது.
அவளுடைய நாற்பத்தாறாம் வயதில்
யாரோ புத்தி கெட்டுப் பணம் கொடுத்தார்கள்.
டுலூத். பிப்ரவரி. உறைந்த ஏரி.
இறந்துபோன மகனின் படகை விற்கப் போகும்
அப்பா, அக்கா.
"ஒரு ஜோக்கும் கிடையாது" என்றாள்
விரதம் இருப்பவள் மாதிரி.

சுருள்கள் வந்தன. ஓட்டினேன்.

"படகு என்ன விலை?"
"ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒரு விலை."
அப்பா நிற்கிறார்.
அக்கா கையுறையின் ஒரு விரலை மட்டும் இழுத்துவிடுகிறாள்.
காற்று.
பிறகுதான் அடுத்த வசனம்.
அதற்குப் பின்னும் நிற்கிறார்கள்.

கடிகாரம் வைத்தேன். மூன்று வினாடி.
அடுத்ததும் மூன்று.
கல்லறைக் காட்சியில் நாலரை.

"என்ன இது?" என்றேன்.
திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள்.
காது சிவந்தது.
"சிரிப்புக்கு விட்ட இடம்.
அவர்கள் சிரித்து முடிக்காமல்
எனக்குக் 'கட்' சொல்ல வரவில்லை."

இருநூற்றிருபது இடைவெளி.
எல்லாம் வெட்டினால் படம் எழுபத்தொன்பது நிமிடம்.
ஒப்பந்தத்தில் தொண்ணூறு.
கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.
கலை என்று யாராவது சொன்னால்
நான் அந்தப் பதினோரு நிமிடத்தை நினைத்துக்கொள்வேன்.

நியூயார்க் பத்திரிகை அவளை
துக்கத்தின் இலக்கணம் அறிந்தவள் என்றது.
ஒரு பிரெஞ்சுக்காரர் அந்த மௌனங்களுக்கு
நாற்பது பக்கம் எழுதி, பரிசுப் பிரதி அனுப்பினார்.
மேடைகளில் கேட்பார்கள். தலையாட்டுவாள்.
நானும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது படத்தில்
தெரிந்தே இடைவெளி விட்டாள்.
ஊசிப்போயிற்று.
மூன்றாவதில் நாய் பேசியது. அது ஓடியது.
வீடு வாங்கினாள், மலையடிவாரத்தில்.
அதன்பின் தொலைபேசி
தவறான எண்களுக்கு மட்டும் அடித்தது.

போன மார்ச்சில் பாசடீனாவில்
முதல் படத்தைத் திரும்பப் போட்டார்கள்.
கீறல் விழுந்த பிரதி. பாதி அரங்கு மாணவர்கள்,
சர்ச்சில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.
எங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளி
ஊன்றுகோலும் தொப்பியுமாக ஃபென்ஸ்கே.

"ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒரு விலை."

இருட்டில் அவன் தொடை மேல்
மூன்று விரல்கள் இறங்கின.
மெதுவாக. ஒன்றன்பின் ஒன்றாக.
இடது ஓரத்தில் சுண்டுவிரல்.
மாமியார்.
அடுத்த மௌனத்துக்கும் இறங்கின.
கல்லறையில் குதிகால் தரையை மிதித்தது.

நெட்டா பார்த்துவிட்டாள்.
அவளிடமிருந்து வந்தது சிரிப்பென்று
முதலில் எனக்குத் தெரியவில்லை,
இருபது வருடப் பழக்கத்தில் கேட்டதில்லை அதை.
மூன்றில் நிற்கவில்லை, நாலரையில் நிற்கவில்லை.
முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பி
உஷ் என்றான்.

ஃபென்ஸ்கே விரல்களை மடக்கி
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.