நிலையம் பதினேழு

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில்
நிதி தந்த வாரியத்துக்கும்
பனிவண்டியைப் பழுதுபார்த்த ஆளுக்கும் நடுவே
ஒரு வரி போட்டிருந்தோம்:
சாமி மக்களின் பாரம்பரிய நிலத்தில்
இவ்வாய்வு நடந்ததை நன்றியுடன் குறிக்கிறோம்.

முதல் பக்கத்தில் வேறொரு வரி:
ஆய்வுப் பகுதி, ஆண்டின் பெரும்பகுதி
ஆளில்லாதது.

இரண்டையும் எழுதியவன் நானே.
இடையில் பதினான்கு பக்கங்கள் இருந்ததால்
அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

நார்வேயின் வடக்கே, ஓர் ஏரிக்கு மேலே,
காற்றில் வளைந்த பிர்ச் மரத்தில்
கேமராவைக் கட்டிய அன்று
ரிஸ்டென் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.
யாரைக் கேட்டாய்?
துறையின் அனுமதிக் கடிதத்தை நீட்டினேன்.
முத்திரையை விரலால் தடவினாள்,
மை காய்ந்ததா என்று பார்ப்பதுபோல.

என் மொழியில் சாமி என்றால் வேறு.
பூசாரி வரம் கொடுத்தாயிற்று,
சாமியைத்தான் யாரும் கேட்கவில்லை என்று
மனசுக்குள் ஒரு சிரிப்பு.
அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் வரைபடத்தில் அது நிலையம் பதினேழு.
அவள் ஏரியைக் காரனஸ்யாவ்ரி என்றாள், அண்டங்காக்கை ஏரி.
மரம் நின்ற மேட்டுக்கு ஒரு பெயர்,
மான்கள் கரையேறும் முனைக்கு இன்னொன்று.
நான் குறித்துக்கொள்ளவில்லை.
அட்டவணையில் கட்டத்துக்கு ஒரு பெயர்தான்.

பத்து மாதத்தில் நாற்பத்தோராயிரம் படங்கள்.
மென்பொருள் பிரித்துக் கொடுத்தது.
வோல்வரின் ஒன்பது. நரி முந்நூற்றுச் சொச்சம்.
துருவமான், கால்நடை என்பதால் கணக்கில் இல்லை.
காற்றுக்கு அசைந்த கிளையெல்லாம் வெற்று.
மனிதர் இருநூற்றுப் பதினான்கு.
மனிதரை அழித்துவிட வேண்டும், அது விதி,
அந்தரங்கத்தை மதிக்கும் நல்ல விதி.
ஒரு வெள்ளிக்கிழமை மாலை
காபி ஆறுவதற்குள் அழித்து முடித்தேன்.
மிஞ்சியது
ஆளில்லாத பகுதி.

ஆகஸ்டில் ரிஸ்டென் தொலைபேசியில் வந்தாள்.
மார்ச் பத்தொன்பது காலை
என் தம்பி யோவ்ன்னா அந்த வழியாகத்தான் போனான்,
மந்தையைத் தேடி. சிவப்புக் கையுறை.
ஆறு வந்து விழும் இடத்தில் பனிப்பாளம் உடைந்தது
மத்தியானத்துக்கு மேல்.
உங்கள் பெட்டி அவனைப் பார்த்திருக்கும்.

பார்த்திருக்கும்.
கோப்பு எண்களை வரிசையாக ஓட்டினேன்.
எட்டேகாலுக்கு ஒரு நரி.
அதன் பிறகு ஐந்து எண்கள் இல்லை.
பிறகு மறுபடி நரி,
எதையோ மோப்பம் பிடித்தபடி.

ஓர் இடைவெளியை எப்படி அனுப்புவது?
ஐந்து என்று மட்டும் சொன்னேன்.

ஐந்தா, என்றாள்.
அப்படியானால் வண்டியை நிறுத்தியிருக்கிறான்.
அந்த மேட்டில் இறங்கி நின்றுதான்
மந்தை எந்தப் பக்கம் என்று பார்ப்போம்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன்.
ஆளில்லாதது என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.
அங்கே வாக்கியம் நொண்டுகிறது,
சரிசெய்ய மனம் வரவில்லை.

கேமராவைக் கழற்றப் போனபோது அவளும் வந்தாள்.
வார் இறுக்கிய இடத்தில்
மரத்தின் வெள்ளைத் தோல் பள்ளமாகியிருந்தது.
ஊருக்குத் தூக்கிப் போய்விடாதே, என்றாள்.
கணவாயில் கட்டு. அங்கேதான்
வோல்வரினுக்குக் குட்டிகளைப் பறிகொடுக்கிறோம்.
அட்டை முதலில் என் வீட்டுக்கு வரும்.
எதை வைப்பது, எதை அழிப்பது,
நாங்கள் பார்த்துவிட்டுச் சொல்வோம்.

படிவத்தில் அனுமதி என்ற கட்டம்
இரண்டு விரற்கடை அகலம்.
துறையின் கோப்பு எண் அதை முழுக்க அடைத்திருந்தது.
ஓரத்தில், காகிதத்தைத் திருப்பிப் பிடித்து, எழுதத் தொடங்கினேன்.
தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.
குளிரில் பேனா மெல்லத்தான் வந்தது.
அவளுக்கு அவசரமில்லை.