கொட்டாவி

வெள்ளை ராஜபாளையம்தான் என்று
போன் நிறையப் படம் சேர்த்திருந்தார் இவர்.
நாங்கள் குடியிருப்பது கானாடுகாத்தானில்
யாரோ ஒருவரின் பெரிய வீட்டுக்குப் பின்கட்டு,
அடுப்படியோடு மூன்று அறை.
முன்கட்டு கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் மட்டும் திறக்கும்.
வீட்டுக்காரர் ஈப்போவிலிருந்து
ஒரே நிபந்தனை அனுப்பினார்:
ஆத்தங்குடிக் கல்லில் நகம் படக்கூடாது.
நாயிடம் சொல்லிப் பார்க்கிறோம் என்று
பதில் போட்டேன்.

கழனிவாசல் தாண்டித் தகரக் கொட்டகை.
முப்பத்தேழு நாய்கள்.
எதைக் காட்டுவார் என்று நின்றோம்.
ஜெசிந்தா அக்கா நோட்டைத் திறந்து
எங்களைக் காட்டச் சொன்னார்.

பகல்ல வீட்டுல யாரு?
யாருமில்லை. எனக்கு ஜெராக்ஸ் கடை, இவருக்கு வேன்,
நித்திலா ஆறாம் வகுப்பு.
மத்தியானம்?
கடை பக்கம்தான், வந்து போவேன்.
வேட்டு போடுவாங்களா?
முகூர்த்த மாசம் முழுக்க.
வெள்ளிக்கிழமை கவிச்சி உண்டா?
கிடையாது, தயிர்சோறு.
எழுதிக்கொண்டே வந்தவர்
தலை நிமிராமல் கேட்டார்:
வீட்டுல யாருக்குச் சத்தம் ஜாஸ்தி?

நான் பதில் சொல்லவில்லை.
நித்திலா குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
அது சரியாகத்தான் இருந்தது.
தகரத்தின் மேல் ஒரு காக்கை
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தது.

வெள்ளை ராஜபாளையம் ஒன்று இருக்கவே இருந்தது.
இதுக்குக் காது கேக்காது என்றார் அக்கா.
நல்லதாப் போச்சு என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.
ஹாரன் கேக்காதும்மா,
ரோட்டோர வீட்டுக்குக் குடுக்க மாட்டேன்.

நான் ஏற்கெனவே செவலையிடம் போயிருந்தேன்.
ஒல்லி, கிழிந்த காது, மூன்று வயதிருக்கும்.
என் பாதத்தின் மேல் தாடையை வைத்து
கனத்தை மெதுவாக இறக்கியது,
கடன் கேட்க வந்தவர் உட்கார்வதுபோல.
மனதுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன்.

அப்போது இவர் போன் அடித்தது.
எந்த ரூட்டுலடா போய்த் தொலைஞ்ச?
வழக்கமான குரல்தான்.
எங்களுக்கு அது கோபமாகக்கூடக் கேட்காது.
பாதம் லேசானது.
செவலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
சிமெண்ட் தரையில்
ஒரு ஈரக் கோடு என்னிடமிருந்து அதுவரை.

போனை அணைத்தார்.
கோட்டைப் பார்த்தார், நித்திலாவைப் பார்த்தார்.
இது வேணாம்.
நம்ம வீட்டுக்கு வந்தா இது பாவம்.
பதினாலு வருடத்தில்
தன் குரலைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம்.
அதையும் மெல்லத்தான் சொன்னார்.

ஜெசிந்தா அக்கா ஒன்றும் சொல்லாமல்
கடைசிக் கூண்டிலிருந்து கறுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்.
அரை வால், தவில் வயிறு,
பந்தி முடிந்து வந்தவர் முகம்.
இப்பக் கத்துங்க.
எப்படி?
வீட்டுல கத்துறாப்பல.

சேவுகன், டிரிப் வேன் ஓனர்,
தொண்டையைச் செருமிக்கொண்டு
வெறும் காற்றில் யாரையும் திட்டாமல் கத்தினார்.
பக்கத்துக் கூண்டுகள் எல்லாம் திரும்பக் குரைத்தன.
கறுப்பு மட்டும்
கடைவாய்ப் பல் தெரியக் கொட்டாவி விட்டது.
நித்திலா சிரித்த சிரிப்பில்
அக்கா நோட்டை மூடிவிட்டார்.

தடுப்பூசி போட்டு, கையெழுத்துப் போட்டு,
வேனின் முன்சீட்டில் அதுதான் வந்தது.
முதல் நாளே முன்கட்டுக்குள் புகுந்து
பூப்போட்ட கல்லில் நாலு காலும் நாலு திசைக்குப் போக
தூண்வரை வழுக்கிக்கொண்டே போனது.
ஏய் என்றார் இவர்.
பட்டாலை அதை மூன்று முறை திருப்பிச் சொன்னது.
நாய் தூணைப் பார்த்தது.
இவர் மேல்விட்டத்தைப் பார்த்தார்,
அங்கே யாரோ இருப்பதுபோல.

எதற்கும் ஜெசிந்தா அக்காவுக்குப் போன் போடுவேன்,
அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்க.
தேதி அட்டையிலேயே இருக்கிறது.
செவலை போயிடுச்சாக்கா?
இன்னும் இல்லம்மா.

அதன் படத்தைப் பெரிதாக்கி
கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்,
கீழே: சத்தமில்லாத வீடு தேவை.
இருபது பிரதி எடுத்தேன், இருபதும் அப்படியே.
நேற்று ஆதார் எடுக்க வந்தவர்
அதையே ரொம்ப நேரம் படித்துக்கொண்டு நின்றார்.
சில்லறையை வாங்கிக்கொண்டு,
போகிறவர்போல் போய், திரும்பி வந்து கேட்டார்:
சத்தம்னா,
எவ்வளவு சத்தம்?