ஏணி ஏறாதவள் கணக்கு

நார்மண்டியில், சுண்ணாம்புப் பாறைக் கரையோரம்
கடற்காற்றுக்கு முதுகு காட்டி நிற்கிறது அந்த மரம்.
மே மாதம்.
சுற்றியுள்ள ஆப்பிள் மரங்களெல்லாம்
வெள்ளையும் ரோஜாவுமாய்க் கொட்டித் தீர்க்க
இது மட்டும் பச்சையாய்ப் பூத்திருக்கிறது,
பூத்ததே தெரியாமல்.

“வெட்டிவிடச் சொன்னவர்கள் உண்டு,” என்றார்
தோட்டக்காரர் திபோ ஓஸு,
பல்லில் ஆணியைக் கவ்வியபடி.
“காய்க்கிறதே, என்ன செய்ய?”

கைவில்லையில் ஒரு பூவைப் பார்த்தேன்.
பள்ளியில் வண்ணப் பென்சிலால் வரைந்த நான்கு வட்டம்
புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம்.
இங்கே அல்லியின் இடத்தில்
இன்னொரு வரிசைப் புல்லி.
தாதுக்கோல் நிற்கவேண்டிய இடத்தில்
சூல்தண்டுகள், நெருக்கியடித்துக்கொண்டு.
எண்ணினேன், பதினைந்து.
ஓர் ஆப்பிளுக்கு ஐந்தே போதும்.
ஒரு தேனீ எட்டிப் பார்த்தது,
வீடு மாறி வந்த விருந்தாளிபோல்
அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.

இருநூறு வருஷத்துக்கு முன்
இதன்மேல் ஏணி சாத்தினார்கள்.
வேறு மரத்துப் பூங்கொத்தோடு பெண்கள் ஏறி
ஒவ்வொரு பூவாய்த் தொட்டு,
தொட்ட காம்பில் தன் நிறத்து நாடாவைக் கட்டினார்கள்.
‘ஆப்பிள் செய்யப் போகிறேன்’ என்பது அவர்கள் பேச்சு.
இலையுதிரும் நாளில்
யார் செய்தது இனிப்பு என்று
கடித்துப் பார்த்து ஒரு சண்டை.

ஓஸு நோட்டைக் கொண்டுவந்தார்.
கோயில் கணக்கன் எழுதியது, மை பழுப்பேறிவிட்டது.

ஒனோரின், சிவப்பு, ஒன்பது.
ஸுல்மா, பச்சை, நான்கு, அதில் ஒன்று சொத்தை.
ஃபெலீசி ஓஸு, நீலம், ஏழு.
ஃபெலீசி ஓஸு, நீலம், ஏழு.

கைத்தவறு. ஒரே வரி இருமுறை.
ஆனால் இரண்டாவதில் நீலத்தை யாரோ அடித்து
மஞ்சள் என்று திருத்தியிருக்கிறார்கள்.
ஓரத்தில் வேறொரு கையெழுத்து,
‘ஏணி ஏற மறுத்தவள்.’
இன்று ஊரில் கேட்டால் ஃபெலீசிகள் இருவர்.
ஒருத்தி இங்கேயே வாழ்ந்து செத்தாள்.
மற்றவள் லெ ஆவ்ருக்கு ஓடிக் கப்பலேறினாளாம்.
கல்லறை ஒன்றுதான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நான் பார்க்கும் வேலையே இதுதான்,
ஆன்ஷேயின் ஜன்னலில்லாத அறையில்
இலையைக் கூழாக்கி எழுத்தெழுத்தாய் வாசிப்பது.
பூவை ஆளும் மரபணுக்கள் பலவும்
ஒரே வரியின் வம்சம்,
கைதவறி இருமுறை எழுதப்பட்டு
மறுபடி எழுதப்பட்டு.
மூத்த வரி பழைய வேலையை விட முடியாது.
இளையதற்குக் கைவசம் பொழுது.
அடித்தல் திருத்தல் ஏற ஏற
ஒன்று இதழ் செய்யக் கற்றது,
ஒன்று காயிடம், எப்போது சிவக்கலாம் என்று
சொல்லப் போனது.
எத்தனையோ வரிகள்
பிழை மலிந்து ஊமையாயின, அவற்றுக்குக் கதை இல்லை.

பூவே இல்லாத காலத்தில்
பாசியிலும் பெரணியிலும் இந்தக் குடும்பம் இருந்தது,
ஏதோ சில்லறை வேலை பார்த்துக்கொண்டு.
பூ பிறகுதான் வந்தது,
முன்பே எழுதிய பெயருக்கு
ஆள் வந்ததுபோல்.

இந்த மரத்தில்
தாவித் திரிந்த ஒரு துண்டு
ஒரு வரியின் நடுவே வந்து குந்திக்கொண்டது.
ஒண்டவந்த பிடாரி, ஊர்ப்பிடாரியின் வாயை அடைத்துவிட்டது.
இதழ் என்று சொல்ல ஆளில்லை.
மரம் தனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறது,
புல்லி, புல்லி, சூல், சூல்.

அக்டோபரில் மறுபடி போனேன்.
மேஜையில் இரண்டு பழம்.
ஒன்று நான் தூரிகையால் தொட்டது,
நாடா கிடைக்காமல் தலைமுடி ரப்பரை மாட்டியது.
மற்றதை யாரும் தொடவில்லை.
நெடுக்காக வெட்டினேன்.
தொட்டதில் மாடிவீடு மாதிரி இரண்டடுக்கு அறை,
பதினொரு விதை.
தொடாததிலும் அதே மாடி, அதே அறைகள்.
குடியிருக்க யாருமில்லை.

“ருசி ஒன்றுதான்,” என்றார் ஓஸு
மென்றபடி, கொஞ்சம் ஏமாற்றமாய்.

நோட்டை எடுத்து மறுபடி பார்த்தேன்.
நிறத்தை அடித்திருக்கிறார்கள்,
ஓரத்தில் ஏசியிருக்கிறார்கள்.
ஏணி ஏறாதவளின் ஏழை மட்டும்
யாரும் அடிக்கவில்லை.