காலை ஆறு மணி அளவு

செப்டம்பரில் வருமாம்.
மன்னார்குடி செல்போன் கடை ஹாஜா சொல்கிறான்.
போன செப்டம்பருக்கும் இதையேதான் சொன்னான்:
"அண்ணே, இந்தத் தடவை ஊசியே வேணாம்,
தோலுக்கு மேலேருந்தே சர்க்கரை பாத்துடும்."

என் மணிக்கட்டில் இருப்பது
மைத்துனன் கழற்றிக் கொடுத்த பழசு.
சார்ஜ் மதியம் மூன்று வரை தாங்கும்.
ஷட்டர் சக்கரத்தை நின்ற இடத்தில் திருகினால்
எண்ணூறு அடி நடந்ததாகப் பாராட்டும்.
பாமணியாற்றுக் கரைப் பள்ளங்களில்
வண்டி குலுங்கினாலும் சபாஷ்தான்.
அதற்கு நான் ஒரு கை.
ஆடினால் நடக்கிறேன்,
ஆடாவிட்டால் தூங்குகிறேன்.

வேலை எனக்கு அளவு பார்ப்பது.
மூணாறு தலைப்பில், வெண்ணாறு பிரிகிற இடத்தில்,
காலை ஆறு, மாலை ஆறு,
வெள்ளம் வந்தால் மணிக்கொரு தரம்
தூணில் தண்ணீர் தொடும் கோட்டைப் பார்த்து
நோட்டில் எழுதி, போனில் சொல்லவேண்டும்.
இருபத்திரண்டு வருடம்.

வீட்டில் இன்னொரு நோட்டு.
சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்.
இடது நடுவிரல் நுனி
குத்திக் குத்திக் காய்த்துப்போய்,
ஒரு சொட்டு வரவழைப்பதற்குள்
கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுபோய்விடலாம்.

இரண்டு நோட்டிலும் பொய் உண்டு.
ஐப்பசி அடைமழையில் ஒருநாள்
நாலு மணி அளவைப்
போர்வைக்குள்ளிருந்தே எழுதினேன்,
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவாக ஒரு எண்.
ஆறு என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.
வலங்கைமான் கல்யாணத்தில்
அசோகா இரண்டு கரண்டி விழுங்கிய இரவு
நூற்று முப்பது என்று எழுதினேன்,
குத்தாமலே.
செங்கமலம் நோட்டைப் பார்த்து
"பரவாயில்லையே" என்றாள்.
அசோகா எப்போதோ செரித்துவிட்டது.
அந்தப் பரவாயில்லை இன்னும் இறங்கவில்லை.

புதுசு வந்தால் இதெல்லாம் நடக்காது.
நிமிஷத்துக்கு நிமிஷம் கோடு போடுமாம்.
ஏறினால் அதிருமாம்.
இங்கே அதிரும்போதே
சமையற்கட்டில் அவள் போனும் அதிரும்,
ஓசூரில் மகள் போனும்.
டீக்கடை மதியழகன்
"சீனி தூக்கலாவா?" என்று கேட்டு முடிப்பதற்குள்
மூன்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

இருந்தாலும் வேண்டும் எனக்கு.
தவணைக்குப் பேசி வைத்திருக்கிறேன்.

மார்கழியில் ஒரு விடியல்,
மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் வந்த காலை,
பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி வியர்த்தேன், அந்தப் பனியில்.
தூணின் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.
சட்டைப்பையில் கடலைமிட்டாய் இருந்தது.
சட்டை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.
கீழே நாலடித் தண்ணீர்
சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
கையிலிருந்த பழசு
"நன்றாக ஓய்வெடுக்கிறீர்கள்" என்றது.

யாரிடமும் சொல்லவில்லை இதை.
நோட்டிலும் இல்லை.

இப்போது வைகாசி கடைசி.
ஆறு முழுக்க மணல்.
தூணின் அடிக்கோட்டில்
ஒரு ஆடு முதுகு தேய்க்கிறது.
பூஜ்யம் என்று எழுத தினமும் வருகிறேன்,
பூஜ்யத்தையும் வந்து பார்த்துத்தான் எழுதவேண்டும்.
ஊரெல்லாம் ஒரே கேள்வி,
மேட்டூர் இன்றைக்கு எத்தனை அடி,
பன்னிரண்டாம் தேதி திறப்பானா.
அந்தத் தேதியை நம்பி நாற்றங்கால் விட்டவர்களைத் தெரியும்,
வராத தண்ணீருக்கு விதை ஊறவைத்தவர்களையும்.
திட்டிக்கொண்டே
மறுவருடமும் ஊறவைத்தார்கள்.

ஹாஜாவுக்கு போன் போட்டேன்.
"செப்டம்பர்தாண்ணே, கன்ஃபார்ம்" என்றான்.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து குத்திக்கொண்டேன்.
பிழிந்தேன்.
பட்டை சிவப்பைக் குடித்துவிட்டது.
மீட்டர் இறங்கி எண்ணுகிறது,
ஐந்து, நான்கு, மூன்று.
நோட்டை விரித்து,
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
செங்கமலம் நிற்கிறாள்.