அரை வேகம்

பாம்பன் தெற்குவாடியில் சிக்னல்
மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மேல்தான்.
ஏறி உட்கார்ந்தேன்.
ஜிப்ஸி ஜாஸ், ஏழாம் பாடம்.
ஈரக்கையை உதறுகிற மாதிரி
மணிக்கட்டைத் தளர்த்தச் சொல்கிறார் பிரான்ஸ்காரர்.
நண்டு எடைபோட்டுப் பகலெல்லாம் உதறிய கை,
கிட்டாரைக் கண்டதும் விறைக்கிறது.

அரை வேகத்தில் வைத்தால்
அவர் சிரிப்பு குடிகாரன் சிரிப்பாகிறது.
முழு வேகத்தில்
ஒரு விரலும் பிடிபடாது.

இன்று கச்சான் ஓங்கி அடித்ததில்
படம் உறைந்தது.
கம்பிகள்மேல் அவர் கை, சிலையாக.
சுண்டுவிரல் எங்கே போகிறதென்று
மூன்று வாரக் குழப்பம்.
எங்கும் போகவில்லை.
சும்மா மடங்கிக் கிடக்கிறது.

உப்புப் பூத்த கம்பியைத் துடைத்து
நானும் மடக்கிக்கொண்டேன்.
அடி, வெட்டு. அடி, வெட்டு.

துணி எடுக்க வந்த மெர்சலின்
எதிர்மாடியிலிருந்து கத்தினாள்:
"யாருப்பா அங்க, புரோட்டா கொத்துறது?"

கேள்வி
சரியாக வெட்டில் விழுந்தது.