பதினொன்றாவது சொல்

புந்தா அரேனாஸில் காற்று வெறிகொள்ளும் நாட்களில்
சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
என்னிடம் இருப்பது ஒரு மரக்கட்டை,
உள்ளங்கை அகலம்.

ஏறி ஒற்றைக் காலில் நில்.
வலது கையில் பந்து.
பறவையின் பெயர் சொன்னால்
இடது கையால் தொடையைத் தட்டு.
நீந்துவதன் பெயர் சொன்னால்
பந்தை எறிந்து பிடி.
மற்றதற்கெல்லாம் அசையாதே.

வாரம் மூன்று நாள், இது ஆறாவது வாரம்.
மிலென்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு.
நாற்பதுக்கு முப்பத்தெட்டு,
கட்டையிலிருந்து இறங்கும்போது கொட்டாவி.

பல்தசார் மன்சீலாவுக்கோ
கால் ஒரு பக்கம், காது ஒரு பக்கம்,
கண் ஜன்னலுக்கு வெளியே நீரிணையில்.
நண்டு ஆலையிலிருந்து கையுறையோடு வந்த அவன் அம்மா சொன்னாள்:
"கையில் கரண்டியை வைத்துக்கொண்டே
கரண்டியைத் தேடுகிறான், டாக்டர்."
நான் டாக்டர் இல்லை. சொல்லவில்லை.

நாற்காலி, என்றேன். பந்தை எறிந்தான்.
ஆந்தை. விழுந்தான்.
ஏறினான். ஜாடி. விழுந்தான்.
இப்படியே பத்து.

பதினொன்றாவது: பென்குயின்.

பட்டியல் சாந்தியாகோவில் அச்சானது.
அங்கே அது வெறும் பறவை.
மிலென்கா கண்ணிமைக்கும் முன் தொடையைத் தட்டியிருந்தாள்.
இவன் மாமாவின் படகு
கோடை முழுக்கத் தீவுக்குப் போய்வருவது.
படகுக்கடியில் கறுப்பு வெள்ளையாய்
எத்தனை பாய்ச்சலைப் பார்த்திருப்பான்.

நின்றான்.
கணுக்கால் நடுங்கியது, தறியில் ஓடும் நாடாபோல.
மூன்று நொடி. ஆறு.
நான்கைத் தாண்டி அவன் நின்றதே இல்லை.
கூரைத் தகரம் படபடத்தது, அவன் திரும்பவில்லை.
பதினைந்து.
உதட்டைக் கடித்தான்.
பத்தொன்பது.

பந்தை எறிந்தான், உயரமாக.
அது மேலே இருக்கும்போதே
தொடையில் ஒரு தட்டு.
பிடித்தான்.

தாளில் இரண்டே கட்டங்கள்:
சரி, தவறு.
தாமதமானால் தவறு என்று அடிக்குறிப்பு வேறு.
பென்சிலை நடுக்கோட்டின் மேல் வைத்தேன்,
அங்கேயே வைத்திருந்தேன்.

சால்மன், என்றேன் பிறகு.
காதில் விழவில்லை அவனுக்கு.
சிவப்புக் கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது,
அதன் மேல்தளத்தில் யாரோ போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள்,
காற்று அதைப் பிடுங்கிவிடும் போலிருந்தது,
பிடுங்கவில்லை, பிடுங்கவில்லை,
பிடுங்கிவிட்டது.

குனிந்து பார்த்தால்
என் உள்ளங்கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.
இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
இதை யார் பெயரில் எழுதுவது?